பக்கம் ஏழில் ஜெரூஷா

கிழக்குத் தாம்பரம்
ஜூன் 9

அன்புள்ள ராணி,

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெரூஷாவின் இருப்பிடச் சான்றிதழைக் கெடுத்தது நான்தான். கெடுத்ததோடு நிற்கவில்லை, கெடுத்த காகிதத்தின் அட்டையில் 'அன்புடன் எட்மண்ட்' என்று கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

விண்ணப்பம் தள்ளுபடி என்று வெள்ளிக்கிழமை உன் போனுக்கு மெசேஜ் வந்து நீ என்னைக் கூப்பிட்டபோது, எனக்கு ஒன்றுமே தெரியாதே என்றேன் அல்லவா. அப்போது பின்னாலிருந்து உன் அண்ணி, "கட்டுரையைக் குடுத்ததைச் சொல்லுங்க" என்றாள். அது உனக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் உன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை இருக்கிறது. தபால்காரரை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய காகிதங்களை நான் இ-சேவை மையத்தில் ஏற்றிய பத்தாம் நாள், தாலுகா ஆபீஸிலிருந்து வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். பெயர் லோகநாதன். நல்ல மனிதர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். பெண் இங்கே இருக்கிறாளா, எத்தனை வருஷமாக என்று கேட்டார். நிரந்தர முகவரி இதுதான் சார், அப்பா வேலைக்காக வெளியூர், அவ்வளவுதான் என்றேன். ஜெரூஷாவின் கட்டிலைக்கூடக் காட்டினேன். அதன் மேல் என் இஸ்திரித் துணி மலைபோல் கிடந்தது, அது வேறு விஷயம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. காபி வந்தது. அப்போது அவர் ஷோகேஸில் இருந்த கட்டுரைப் போட்டிக் கேடயத்தைப் பார்த்து, "நீங்க எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார்.

ராணி, பதினெட்டு வருஷமாக நம் சர்ச்சின் மாதப் பங்கு மடலில் ஏழாம் பக்கம் என்னுடையது. இதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பங்குத்தந்தைகூட, "இந்த மாசம் கொஞ்சம் சின்னதா, எட்மண்ட்" என்றுதான் சொல்வார். குரோம்பேட்டையில் தோல் கம்பெனியில் பதினொரு மணி நேரம் பில் போடுகிறவனை ஒருவர் எழுத்தாளன் என்று அடையாளம் கண்டால் அவன் என்ன செய்வான்? உள்ளே ஓடினேன். விநியோகத்துக்கு வைத்திருந்த அடுக்கிலிருந்து புது மடல் ஒன்றை உருவி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அந்த மாதக் கட்டுரையின் தலைப்பு நினைவுக்கு வந்தது. 'விடுமுறைக்கு வந்த மருமகள்.' முதல் வரி: 'என் தங்கை மகள் வருஷத்துக்குப் பத்து நாள் மட்டும் தமிழச்சி.' நடுவில், ஸ்டேஷனில் இறங்கினால் அவளுக்குக் கிழக்குத் தாம்பரம் எது மேற்குத் தாம்பரம் எது என்று இன்னும் தெரியாது என்று ஒரு பத்தி. மேடவாக்கத்தில் வரிசையாகத் தண்ணீர் லாரிகளைப் பார்த்து, "மாமா, எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்று அவள் கேட்டதாக ஒரு பத்தி. எழுதும்போது நானே சிரித்தேன். இப்போதும் அந்த லாரி இடம் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

மெசேஜில் என்ன இருந்தது என்று நீயே வாசித்தாய்: 'விசாரணையின் அடிப்படையில் நிராகரிக்கப்படுகிறது.' அந்த விசாரணை நான்தான்.

மன்னித்துவிடு. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மேனேஜ்மென்ட் கோட்டாவில் எந்த மாநிலம் என்றே கேட்பதில்லையாமே? அதைப் பார்க்கக்கூடாதா?

அன்புடன்,
எட்மண்ட்

*

பெங்களூரு
ஜூன் 12

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்து நீங்கள் எழுதிய இடங்களில் எல்லாம் நிறுத்தி, மறுபடி படித்தேன். வரவில்லை.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் மாநிலம் கேட்பதில்லைதான். பதிலுக்கு மூன்று மடங்கு பீஸ் கேட்பார்கள், வருஷா வருஷம். நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன், உங்கள் மாப்பிள்ளை ஆரோனின் கம்பெனி பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எங்களால் முடிந்தது தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் ஒன்றுதான். அதற்கு இந்த மாநிலத்துப் பெண் என்ற காகிதம் வேண்டும். இம்மாதக் கடைசிக்குள் வேண்டும். அந்தக் காகிதத்தைத்தான் நீங்கள் காபியோடு சேர்த்துக் குடித்துவிட்டீர்கள்.

என் பெண் சாப்பாட்டு மேசையில் மூன்று மாநிலத்து விதிகளையும் பிரிண்ட் எடுத்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டாவது வரை அவள் படித்தது பூனா. மகாராஷ்டிரம், பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கே படித்தாயா என்று கேட்கிறது. இல்லை. அப்புறம் பெங்களூர் வந்தோம். கர்நாடகம், ஏழு வருஷம் படித்தாயா என்று கேட்கிறது. நாலு. தமிழ்நாடு, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இங்கே படித்திருந்தால் பேச்சே இல்லை என்கிறது. இல்லையென்றால் இந்த ஊர்க் குடும்பம் என்று சான்று கொண்டுவா என்கிறது. நேற்று அவள் என்னிடம், "அம்மா, நான் எந்த ஸ்டேட்டும் இல்லையா?" என்று கேட்டாள். இதை நான் உங்கள் ஏழாம் பக்கத்துக்காக எழுதவில்லை.

மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

பெங்களூரில் தண்ணீர் லாரி இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? அவள் மூன்று கோடைக்காலம் லாரித் தண்ணீரில் குளித்தவள். அவள் அப்படிக் கேட்கவே இல்லை. பத்து நாளும் பொய். வருஷா வருஷம் பரீட்சை முடிந்த மறுநாள் ரயிலேற்றி, ஸ்கூல் திறக்கிற வாரம்தான் திரும்ப அழைத்து வருகிறேன்.

மாடியில் குடியிருக்கிற முஸ்தபாவின் பெண் சோயாவும் இதே வருஷம் நீட் எழுதியிருக்கிறாள். இதை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை. ஏன்?

மூன்றாவது, அந்த மாடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆரோனுக்குச் சிறுசேரியில் வேலை வந்தபோது, நாங்கள் வருகிறோம், மாடியை வையுங்கள் என்று கேட்டேன். வேறு ஆளுக்கு விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு மாடியைத் தந்திருந்தால் அவள் சேலையூரில் ஆறாவது சேர்ந்திருப்பாள். இன்றைக்கு எந்த ஆபீசரும் வீட்டுக்கு வந்திருக்கமாட்டார். உங்களுக்கும் வாசகர் கிடைத்திருக்கமாட்டார்.

அமலராணி

*

கிழக்குத் தாம்பரம்
ஜூன் 15

ராணி,

'அண்ணன் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் பக்கம் முழுக்க நீங்கள், நீங்கள். அம்மாவின் அடக்கத்தன்று கல்லறை வாசலில் வைத்து நீ என்னைத் திட்டியபோதுகூட 'நீ' என்றுதான் திட்டினாய். இந்த மரியாதையை நீயே வைத்துக்கொள்.

தப்பு என்னுடையது என்று நானே முதல் வரியில் எழுதினேன். அதற்கு மேல் மிதிப்பதென்றால் மிதி, ஆனால் அடுத்தவர் வீட்டுப் பெண்ணை ஏன் இழுக்கிறாய்? சோயாவின் வரிசை வேறு, ஜெரூஷாவின் வரிசை வேறு. முஸ்லிம்களுக்குத் தனி ஒதுக்கீடு, நமக்கு பி.சி. ஒருத்தியைக் கவிழ்த்து இன்னொருத்திக்கு இடம் வாங்கித் தருமளவுக்கு நான் கெட்டிக்காரனாக இருந்தால் குரோம்பேட்டையில் ஏன் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன்?

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். என் வாசிப்பு உனக்குத் தெரியும், ஈஸ்டர் முதல் வாசகம் வாசித்தால் ரயில்வே கேட் வரை கேட்கும். அரைமணி நேரத்தில் முஸ்தபா கீழே வந்தார். ஏ.சி. ரிப்பேர் பார்த்துவிட்டு வந்த கை, கிரீஸ் போகவில்லை. "இன்னா சார், நம்மளாலதான் தங்கச்சி கோச்சிகினு கீதா? சொல்லுங்க, வேற வூடு பாத்துக்கறோம்" என்றார். பின்னால் படியில் அவர் மனைவி பஷீரா நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருஷமாக உன் பெண்ணுக்கு அந்தப் படியில் உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டவள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மீட்டர் பெட்டியைப் பார்த்தேன்.

மாடிக் கதைக்கு வருகிறேன். எத்தனை மாதம் அதைப் பூட்டி வைத்தேன் தெரியுமா? எட்டு மாதம். பெயின்ட் அடித்தேன். ஜெரூஷாவுக்கு உயரமாக இருக்குமென்று பாத்ரூம் கொக்கியைக் கழற்றிக் கீழே வைத்து அடித்தேன். வருகிறோம், வருகிறோம் என்றாய். அப்புறம் ஒருநாள் ஆரோன் மாப்பிள்ளை போன் செய்து, அந்த வேலை சரிவராது மச்சான் என்றார், வைத்துவிட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் முஸ்தபா வந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு தூரம் வந்தாயிற்று. பூனாவிலிருந்து பேசினால், 'உங்க தாம்பரத்துல கொசு குறைஞ்சிருக்கா' என்பாய். பெங்களூர் போனதும், 'உங்க வெயில்' என்றாய். இருபது வருஷம் உங்க உங்க என்று இருந்தது இந்த மே மாதம் திடீரென்று எங்க ஊர் ஆனது எப்படி? இங்கே பிறந்து, இங்கேயே மூச்சுமுட்டி, கீழ்க்கட்டளையில் டியூஷனுக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் போய்ப் படித்த பிள்ளைகள் எத்தனை பேர். அவர்கள் வரிசையில் உன் பெண் நிற்கிறாள் என்றால் ஒரு ஆபீசர் வந்து கேள்வி கேட்கத்தான் செய்வார். நான் எழுதியது பத்து நாளோ நாற்பது நாளோ, கேள்வி நியாயமானதுதான்.

இதை எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

எட்மண்ட்

*

பெங்களூரு
ஜூன் 18

அண்ணன் அவர்களுக்கு,

அடிக்காததற்கு நன்றி. உங்கள் மனதில் இருப்பது இப்போது எழுத்தில் என்னிடம் இருக்கிறது.

நேற்று ஜெரூஷாவுக்கு உங்கள் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். எனக்குத் தபாலில் வரும் மடல்தான். நான் ஆரம்பித்தேன், அவள் பிடுங்கிக்கொண்டாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனாலும் விடாமல் முழுவதும் படித்தாள், கால் மணி நேரம் ஆயிற்று. சிரிக்கவில்லை. "மாமா நெஜமாவே பத்து நாள்னுதான் நெனைச்சிட்டிருக்காரா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் தண்ணீர் லாரி இடத்துக்குத் திரும்பிப் போய், "நான் இப்படிக் கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உங்களை விட்டுக்கொடுக்காமல் என்னிடம் பேச வேண்டுமென்று அவளுக்கு இருந்தது. எனக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது.

வரிசையைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். நான் ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை தாம்பரத்தில் படித்தேன். ஸ்டேஷன் பாலத்தில் மூட்டை தூக்குகிறவர்களோடு இடித்துக்கொண்டு தினம் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். நீங்கள் சைக்கிளில் போனீர்கள். கல்யாணம் ஆகி ஊரை விட்டுப் போனவள் ஊர்க்காரி இல்லை, வீட்டில் இருந்த ஆண்பிள்ளை மட்டும்தான் ஊர்க்காரர் என்றால், அதைச் சட்டத்தில் காட்டுங்கள். என் பெண் மறுபடி பரீட்சை எழுதிக்கொள்வாள், நான் உங்கள் வீட்டு வாசலைக் கடந்துகூடப் போகமாட்டேன்.

இத்துடன் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றின் மூலப் பிரதிகளையும் அனுப்புகிறேன். போன தடவை அப்பா பெயரைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று ஆரோனின் காகிதங்களை மட்டும் அனுப்பியிருந்தேன். இவை அதற்காக இல்லை. இந்தப் பத்து வருஷத்தை உங்கள் பத்து நாளுக்குப் பக்கத்தில் வைத்து அந்த ஆபீசரிடம் காட்டுவதற்காக. யார் எந்த ஊர் என்று அவர் சொல்லட்டும்.

வேலை முடிந்ததும் காகிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அமலராணி

*

கிழக்குத் தாம்பரம்
ஜூன் 25

ராணி,

எழுத வேண்டாம் என்றாய். காகிதம் திருப்பி அனுப்பும்போது உறையில் இடம் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு தாலுகா ஆபீஸ் போனேன். வெறும் கையோடு போகவில்லை. அதற்கு முன்னால் நோட்டரி ஸ்ரீநிவாசராகவனிடம் போய் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டேன். எட்மண்ட் ஆகிய நான், வயது ஐம்பத்து மூன்று, இந்த மாதப் பங்கு மடலின் ஏழாம் பக்கத்தில் என் மருமகள் ஜெரூஷாவைப் பற்றி எழுதியவை யாவும் என் சொந்தக் கற்பனை, அவற்றில் எள்ளளவும் உண்மையில்லை என்று சுயநினைவோடு உறுதி கூறுகிறேன். நோட்டரி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பொதுவா எல்லாரும் சொன்னது உண்மைன்னுதான் சார் போடுவாங்க" என்றார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, "இந்த ஒரு மாசத்துக்கு மட்டுமா, பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஸ்டாம்ப் பேப்பர் ஒன்றுதான் இருந்ததால் ஒரு மாதத்தோடு விட்டுவிட்டோம்.

ஆபீஸில் பத்ரி என்று ஒரு கிளார்க். பத்திரத்தைக் கொடுத்து, சார், இது முக்கியமானது, வாசித்துப் பாருங்கள் என்றேன். வாசிக்காமலே ஓரத்தில் துளை போட்டு, உன் சான்றிதழ் நகல்களோடு நூலில் கோத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனிதன் தன் மானத்தை இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொண்டுவந்து தருகிறான், இவர் அதில் சரியாக என் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை போடுகிறார். சத்தம் போட்டேன். பத்ரி நிமிர்ந்து, "சார், பக்கத்துல டீக்கடை இருக்கு, குடிச்சிட்டு வந்து கத்துங்க" என்றார்.

திங்களன்று லோகநாதன் மறுவிசாரணைக்கு வந்தார். வாயைத் திறந்தால் சோறு கிடையாது என்று உன் அண்ணி சொல்லியிருந்தாள். நான் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லட்டும் என்றார் அவர். யாரும் கூப்பிடாமல் பஷீரா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நீ யாரைப் பற்றி என்ன எழுதினாய் என்று அவளுக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும், நான்தான் சத்தமாக வாசித்தேனே. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்: "வருசா வருசம் ஏப்ரல்ல வந்துட்டா ஜூன் வரிக்கும் இங்கதான் சார். மொட்டை மாடியில எங்க சோயாகூடதான் படுப்பா. எழுதிக்கோங்க." கையெழுத்தும் போட்டாள். அந்தச் சோயாவுக்கு இந்த வருஷம் மார்க் வரவில்லை. மறுபடி எழுதப்போகிறாள். அதையும் கேட்டுக்கொள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய காலண்டர்களை எடுத்துப் பார்த்தேன். ஜெரூஷா வந்த நாளிலும் போன நாளிலும் உன் அண்ணி வட்டம் போட்டு வைப்பாள். சராசரி நாற்பத்திரண்டு நாள். பத்து என்று நான் எழுதியது, நாற்பத்திரண்டு நாள் தமிழச்சி என்றால் சிரிப்பு வராது என்பதற்காக மட்டும்தான்.

கேள்வி நியாயமானது என்று எழுதினேன். அதை இப்போதும் மாற்றவில்லை. ஆனால் அதைக் கேட்கிற உரிமை தாலுகா ஆபீஸுக்குத்தான் இருக்கிறது. தாய்மாமனுக்கு இல்லை.

எட்மண்ட்

*

பெங்களூரு
ஜூலை 3

அண்ணா,

சான்றிதழ் வந்துவிட்டது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது, அன்றே ஏற்றிவிட்டோம். ஜெரூஷா அதை போனில் திறந்து திறந்து பார்க்கிறாள். 'தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்' என்ற வரியைப் பெரிதாக்கி, ஆரோனிடம் காட்டி, "உங்ககிட்ட இது இல்ல" என்றாள். அவர் குண்டக்கல்லில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர் அல்லவா, சிரித்தார். இந்த வீட்டில் ஒரு மாதம் கழித்து ஒருவர் சிரித்தார்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பஷீராவுக்கு நேற்று போன் செய்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், அவள் மாவு அரைக்கிற சத்தத்தில் கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன், மறுபடியும் கேட்கவில்லை என்றாள். கேட்டிருக்கும். நான் சொன்னதும் அவளுக்குக் கேட்டது, நீ வாசித்ததும் அவளுக்குக் கேட்டது. இனி என் கடிதத்தை யாருக்காவது வாசித்துக் காட்டினால் நான் உன்னை ஜன்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன்.

எட்டு மாதம் நீ மாடியைப் பூட்டி வைத்தது எனக்குத் தெரியாது. கொக்கியைக் கழற்றி அடித்தது தெரியாது. அந்த விஷயத்தில் நான் எழுதியது பொய். மாடியை நீ தரவில்லை என்று ஏழு வருஷமாக நானே எனக்குச் சொல்லிச் சொல்லி அதை நம்பிவிட்டேன். நடந்தது வேறு. ஆரோன் அந்த வேலையில் சேரத் தயாராகத்தான் இருந்தார். வேண்டாம் என்றது நான். உனக்கு போன் செய்யச் சொன்னதும் நான்.

ஏன் என்று கேட்பாய். அந்த மாதம் மடலில் நீ அண்ணியின் தம்பி எபியைப் பற்றி எழுதியிருந்தாய். வேலை போய் மூன்று வாரம் உன் வீட்டில் வந்து தங்கியிருந்தாரே, அவர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று. பங்கு முழுக்கச் சிரித்தது என்று பெருமையாக எனக்கு போன் செய்தாய். எபி அதற்குப் பிறகு உன் வீட்டுக்கு வந்தாரா? நான் யோசித்தேன். கீழ் வீட்டில் நீ, மேல் வீட்டில் நாங்கள். ஆரோனுக்கு வேலை போனால் ஏழாம் பக்கம். எனக்கும் அவருக்கும் சண்டை வந்தால் ஏழாம் பக்கம். பெண் பெரியவளானால் ஏழாம் பக்கம். பூனாவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, அவள் சேலையூரில் ஆறாவது படிக்காமல் போனதற்கும் உன் கட்டுரைதான் காரணம், சான்றிதழ் தள்ளுபடியானதற்கும் உன் கட்டுரைதான் காரணம். என் பெண்ணின் வாழ்க்கையில் வேறு யார் எழுதியதும் இவ்வளவு வேலை செய்ததில்லை. நீ சந்தோஷப்படுவாய், தெரியும்.

என் பெண்ணைப் பற்றி இனி ஒரு வரி எழுதக் கூடாது. நல்லதாகக்கூட.

ராணி

*

கிழக்குத் தாம்பரம்
ஆகஸ்ட் 4

அன்புள்ள ராணி,

ஜெரூஷா போன் செய்தாள். செங்கல்பட்டுப் பக்கம் தனியார் கல்லூரி, அரசு ஒதுக்கீடு, கையில் ஆணை வந்துவிட்டது. "மாமா, வாரா வாரம் சனிக்கிழமை வருவேன், கட்டில்ல துணி இருக்கக் கூடாது" என்றாள். இது கட்டுரை இல்லை, கடிதம்தான், தடையை மீறவில்லை.

எபி விஷயம். உன் கடிதம் வந்த மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, என்ன மச்சான், குறிப்பெடுக்க வந்தீங்களா என்றார். பிறகு உட்காரச் சொன்னார். இட்லி வைத்தார்கள். அவர் நான் சாப்பிடுவதை எண்ணிக்கொண்டே இருந்தார். நாலோடு எழுந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு, பங்குத்தந்தையிடம் ஏழாம் பக்கத்தை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். என்னால் ஒரு குடும்பமே ஊர் மாறிப்போயிருக்கிறது, ஒரு பெண்ணின் படிப்பே போகப் பார்த்தது, எழுத்துக்கு இவ்வளவு சக்தி இருக்குமென்று தெரியாமல் விளையாடிவிட்டேன் பாதர் என்று தழுதழுத்தேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சரி எட்மண்ட், அங்கே மணமகள் தேவை விளம்பரம் போட்டுவிடலாம் என்றார்.

இன்று மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனேன், லோகநாதனுக்குக் கொடுக்க. சந்தோஷப்பட்டார். பாப்பா நல்லா வரட்டும் என்றார். நான் குரலைத் தாழ்த்தி, என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தள்ளுபடி செய்தீர்கள், என் பத்திரத்தைப் படித்துவிட்டு மனமிரங்கினீர்கள், இரண்டுக்கும் நான் கடன்பட்டவன் என்றேன்.

அவர் மைசூர்பாகை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"எந்தக் கட்டுரை சார்? அப்பா பொறந்தது குண்டக்கல், ஆந்திரான்னு இருந்துச்சு. அம்மா பேப்பர் ஒண்ணுகூட வெக்கல. அதான் தள்ளுனோம். அப்புறம் அம்மாவோட சர்டிபிகேட் வந்துச்சு, குடுத்துட்டோம்."

பங்கு மடல், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே என்றேன். அவர், ஆமாமா என்று மேசை டிராயரை இழுத்துத் தேடினார். மருந்துச் சீட்டுகளுக்கும் ஒரு பழைய சீப்புக்கும் அடியில் இருந்தது. வீட்டில் கொடுக்கலாம் என்று வைத்தேன் சார், மறந்தே போச்சு என்று தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.

அட்டையில் என் கையெழுத்து இருந்தது. தபாலுக்காக ஓரத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

எட்மண்ட்